பிராணவாயு ஆலையின் நாள் கணக்கு

நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜனும், 21 பங்கு பிராணவாயுவும், ஒரு பங்குக்குச் சற்றே குறைவாக ஆர்கானும் கலந்து நம்மைச் சூழ்ந்திருக்கும் காற்றுக்கு எவரும் விலை கேட்பதில்லை. ஆயினும் அதைத் தனித்தனி வாயுக்களாகப் பிரித்து விற்கும் ஆலைகளின் லாப நஷ்டம், அநேகமாக மின்சார மீட்டரைப் பொறுத்தே நிர்ணயமாகிறது.

1895-ஆம் ஆண்டில் காற்றைப் பெருமளவில் திரவமாக்கிக் காட்டிய கார்ல் வான் லிண்டே என்ற ஜெர்மானிய விஞ்ஞானி, 1902-இல் அந்தத் திரவத்திலிருந்து பிராணவாயுவைப் பிரித்தெடுத்தார். நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியிலும், ஆர்கான் மைனஸ் 186-இலும், பிராணவாயு மைனஸ் 183-இலும் கொதிக்கின்றன என்ற சிறு வேற்றுமையே இத்தொழிலுக்கு ஆதாரம். காற்றை ஏறக்குறைய ஆறு மடங்கு அழுத்தத்துக்கு நெருக்குகிற பிரம்மாண்டமான கம்ப்ரஸர்தான் மின்சாரத்தின் பெரும் பகுதியை விழுங்குகிறது. ஒரு டன் பிராணவாயுவை வாயு ரூபத்தில் பெறவே 200 யூனிட்டுக்கு மேல் ஆகும். திரவமாக வேண்டுமானால் ஏறக்குறைய இரு மடங்கோ, அதற்கும் மேலோ வேண்டும்.

ஜெர்மனியில் மறுநாளைக்குரிய மின்சாரம் முதல்நாள் நண்பகலில் ஏலம் விடப்பட்டு, வேளைக்கு வேளை மாறும் விலைகள் சிறிது நேரத்தில் வெளியாகிவிடுகின்றன. காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் தேவைக்கு மேல் உற்பத்தி செய்யும் வேளைகளில் விலை பூஜ்யத்துக்கும் கீழே இறங்குவதுண்டு. லாய்னா போன்ற ரசாயனத் தொழில் நகரங்களில் குழாய் வழியே வாயுவைப் பெறும் தொழிற்சாலைகளோ மின்விலை இறங்கும் வரை காத்திருக்க மாட்டா. ஆகவே, மலிவான நேரத்தில் அதிகமாகத் திரவமாக்கித் தொட்டிகளை நிரப்பிக்கொண்டு, விலை ஏறியதும் இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்து, சேமித்த திரவத்தை ஆவியாக்கிக் குழாயில் அனுப்புவதென்ற யுக்தி பிறந்தது. மின்சாரத்தைக் குளிர்ச்சியாக மாற்றிச் சேமித்து வைக்கும் இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் இயந்திரத்தை நினைத்தபடி ஆட்டி வைக்க முடியாது. பொதுவாக முழுச் சுமையில் 70 சதவீதத்துக்குக் கீழே கம்ப்ரஸரைத் தாழ்த்தினால், காற்றோட்டம் நிலை குலைந்து பின்னோக்கி அலைமோதும் அபாயம் நேரும். அதைவிட நுட்பமானது ஆர்கானின் விஷயம். பிராணவாயுவோடு பத்தில் ஒரு பங்களவே கலந்து, காற்றைக் கொதிநிலைப்படி பிரிக்கும் கோபுரத்தின் இடைப்பகுதியிலிருந்து பக்கவாட்டில் எடுக்கப்படும் ஆர்கானை வேறொரு கோபுரத்தில் சுத்திகரிக்கிறார்கள். ஆலையின் சுமையை அவசரமாக மாற்றினால், மேலே நிற்க வேண்டிய நைட்ரஜன் அந்த இடம் வரை இறங்கிப் பக்கக் கோபுரத்தில் புகுந்து, அங்குள்ள குளிர்விப்பானில் திரவமாகாமல் தேங்கி, கோபுரம் முழுவதையும் செயலற்றதாக்கிவிடும். அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் பிடிக்கும். எனவே ஒரு மணி நேரத்து மலிவுக்காக அன்றைய ஆர்கான் வருமானத்தை இழப்பது சிக்கனமாகாது. சுமையை எவ்வளவு மாற்றலாம் என்பதோடு, எவ்வளவு நிதானமாக மாற்றலாம் என்பதையும் திட்டத்தில் எழுத வேண்டியிருக்கிறது.

இத்திட்டத்தை இன்று கணிதச் சூத்திரங்களைக் கொண்டு கம்ப்யூட்டர் வகுத்துத் தருகிறது. அதற்கு ஒரு குறை உண்டு: திட்டம் முடியும் நாளுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று அது பார்ப்பதில்லையாதலால், கடைசி மணிக்குள் தொட்டிகளைக் காலி செய்துவிடுவதே லாபமென்று கணக்கிடும். எனவே ஆஸ்பத்திரிகளுக்குச் செல்லும் லாரிகளையும், எதிர்பாராத பழுதுகளையும் உத்தேசித்து, தொட்டியில் இத்தனை டன் எப்போதும் நிற்க வேண்டுமென்ற நிபந்தனையைப் பொறியாளரே முன்கூட்டி எழுதி வைக்கிறார்.