தந்தம் சொல்லும் சாட்சி

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்ற பழமொழியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். யானையின் பெருமையை உணர்த்தத்தான் நம் முன்னோர் இதைச் சொல்லி வைத்தனர். ஆனால் இதன் பின்பாதியே யானைக்கு எமனாக வந்து வாய்த்தது. இறந்த யானைக்கும் ஆயிரம் பொன் கிடைக்குமென்றால், அது தானாக இறக்கும்வரை காத்திருக்கப் பேராசைக்காரனுக்குப் பொறுமை ஏது?

அந்த ஆயிரம் பொன் எங்கே இருக்கிறது? தந்தத்தில்தான். தந்தம் கொம்பு அன்று. யானையின் மேல்தாடையிலிருந்து வளரும் பல். நம் வாயின் முன்புறத்தில் உள்ள வெட்டுப்பற்களைப் போன்றதே அதுவும். நம் பல் ஓர் அளவோடு நின்றுவிடுகிறது. தந்தமோ யானையின் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். அதன் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மண்டையோட்டுக்குள் புதைந்திருக்கிறது. எனவே முழுத் தந்தத்தையும் பறிக்க நினைப்பவன் யானையைக் கொன்றுதான் பறிக்கிறான்.

நம் நாட்டு யானைகளில் ஆண் யானைகளுக்கு மட்டுமே நீண்ட தந்தம் உண்டு. ஆகவே வேட்டைக்காரர்கள் ஆண் யானைகளையே தேடித் தேடிச் சுட்டனர். விளைவு என்ன தெரியுமா? நமது தேனி மாவட்டத்தை அடுத்துள்ள பெரியாறு சரணாலயத்தில், 1980களின் இறுதியில், வளர்ந்த ஆண் யானை ஒன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பெண் யானைகள் என்ற நிலை ஏற்பட்டுவிட்டது!

ஆப்பிரிக்க யானைகளில் ஆண், பெண் இரண்டுக்குமே தந்தம் உண்டு. அதனால் அங்கே தாய் யானைகளும் தப்பவில்லை. 1979இல் ஆப்பிரிக்காவில் சுமார் 13 லட்சம் யானைகள் இருந்ததாக மதிப்பிட்டனர். 2016இல் வெளியான மதிப்பீட்டிலோ எஞ்சியவை சுமார் 4,15,000தான். ஒரு குட்டியை யானை சுமார் 22 மாதங்கள் சுமக்கிறது. அடுத்த குட்டிக்கு நான்கைந்து ஆண்டுகள் ஆகும். கொல்லும் வேகத்துக்குப் பெறும் வேகம் எப்படி ஈடு கொடுக்கும்?

இந்தக் கொடுமையைத் தடுக்க, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' உடன்படிக்கையின் நாடுகள் 1989இல் கூடி, ஆப்பிரிக்கத் தந்த வாணிபத்துக்குத் தடை விதித்தன. ஆசிய யானையின் தந்தத்துக்கு 1975 முதலே தடை இருந்தது. தடை வந்ததும் வாணிபம் நின்றுவிடவில்லை, இருட்டுக்குள் புகுந்துகொண்டது. கப்பல்களில் வேறு சரக்குகளுக்கு அடியில் தந்தம் பயணம் செய்யத் தொடங்கியது.

ஒரு துறைமுகத்தில் சுங்க அதிகாரிகள் ஒரு பெரிய சரக்குப் பெட்டகத்தைத் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நூற்றுக்கணக்கான தந்தங்கள். அனுப்பியவரின் பெயர் பொய், முகவரி பொய், காகிதங்கள் பொய். யானை கொல்லப்பட்டதைப் பார்த்தவர் யாருமில்லை. சாட்சியென்று இருப்பது தந்தம் ஒன்றுதான். அது பேசுமா?

பேசும். கேட்கத் தெரிந்தவர் கேட்டால் பேசும். விஞ்ஞானிகள் அதனிடம் நான்கு கேள்விகள் கேட்கிறார்கள்.

இது யானைத் தந்தம்தானா?

பிடிபட்டவன் சொல்லும் முதல் பொய் இதுதான்: "ஐயா, இது யானைத் தந்தமே அல்ல, மாமதத்தின் தந்தம்!" மாமதம் என்பது யானைக்கு உறவான, அடர்ந்த மயிர் கொண்ட விலங்கு. மாமதங்கள் முற்றிலும் அழிந்து சுமார் 4,000 ஆண்டுகள் ஆகின்றன. சைபீரியாவின் உறைந்த மண்ணுக்குள் அவற்றின் தந்தங்கள் இன்றும் கிடைக்கின்றன. அழிந்துபோன விலங்கின் தந்தத்தை விற்கப் பல நாடுகளில் தடை இல்லை. அதனால்தான் இந்தப் பொய்.

ஆனால் தந்தத்தைக் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தை மெருகேற்றிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அங்கே வளைந்த கோடுகள் இருபுறமிருந்தும் வந்து ஒன்றையொன்று வெட்டிச் செல்லும். இவற்றுக்கு 'ஷ்ரேகர் கோடுகள்' என்று பெயர். தந்தத்தின் வெளி ஓரத்தில் இக்கோடுகள் வெட்டும் கோணத்தை அளக்க வேண்டும். கோணம் 115 பாகைக்கு மேல் விரிந்திருந்தால் அது யானைத் தந்தம். 90 பாகைக்குள் குறுகியிருந்தால் மாமதத்தின் தந்தம். உங்கள் ஜியோமிதிப் பெட்டியில் இருக்கும் பாகைமானி ஒரு குற்றவாளியின் பொய்யை உடைத்துவிடுகிறது, பார்த்தீர்களா?

எந்தக் காட்டு யானை இது?

இது கடினமான கேள்வி. ஆப்பிரிக்காவின் எந்த மூலையிலிருந்தும் தந்தம் வந்திருக்கலாம். சரக்கு ஏற்றிய துறைமுகமும் யானை இறந்த காடும் ஒரே நாட்டில் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஒருவர் பேசும் தமிழைக் கேட்டே, "இவர் நெல்லைக்காரர், இவர் கோவைக்காரர்" என்று நாம் சொல்லிவிடுகிறோம் அல்லவா? பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்களின் பேச்சு ஒத்திருக்கும். தொலைவு கூடக் கூட வேறுபாடும் கூடும். யானைகளின் மரபுப்பொருளான டி.என்.ஏ.விலும் இப்படியொரு வட்டார வழக்கு உண்டு! அருகருகே வாழும் கூட்டங்களில் அது ஒத்திருக்கும். தொலைவிலுள்ள கூட்டங்களில் மாறியிருக்கும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாமுவேல் வாசர் என்ற விஞ்ஞானிக்கு இதில் ஒரு வழி புலப்பட்டது. எந்த ஊர் யானைக்கு எந்த வழக்கு என்று முதலில் ஒரு படம் தயாரித்துவிட்டால், பிடிபட்ட தந்தத்தை அதோடு ஒப்பிடலாம் அல்லவா? ஆனால் காட்டு யானைகளைப் பிடித்து இரத்தம் எடுப்பது எளிதா? தேவையே இல்லை. யானையின் இலத்தி போதும்! குடலின் உட்சுவரிலிருந்து உதிரும் உயிரணுக்கள் இலத்தியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு வெளியே வருகின்றன. அவற்றில் அந்த யானையின் டி.என்.ஏ. இருக்கிறது. கண்டம் முழுவதும் வனக்காவலர்களும் ஆராய்ச்சியாளர்களும் இலத்தி சேகரித்துக் கொடுத்தனர். 29 நாடுகளின் 71 இடங்களிலிருந்து சுமார் 1,350 மாதிரிகள் சேர்ந்தன.

தந்தத்திலிருந்து டி.என்.ஏ.யை எடுப்பதிலும் ஒரு சிக்கல் இருந்தது. தந்தத்தை அரைத்தால் சூடு உண்டாகும், சூட்டில் டி.என்.ஏ. சிதைந்துவிடும். எனவே சிறு துண்டு ஒன்றைத் திரவ நைட்ரஜனின் கடுங்குளிரில் (சுமார் -196 பாகை செல்சியஸ்) உறையவைத்துப் பொடியாக்கினர். பிறகு டி.என்.ஏ.வில் 16 குறிப்பிட்ட இடங்களைப் படித்து, இலத்திப் படத்தோடு ஒப்பிட்டனர். யானையின் சொந்த ஊரைச் சுமார் 300 கிலோமீட்டருக்குள் சொல்ல முடிந்தது.

2002இல் சிங்கப்பூரில் பிடிபட்ட ஒரு பெட்டகத்தில் ஆறரை டன் தந்தம் இருந்தது. 532 முழுத் தந்தங்களும், முத்திரை செய்வதற்கென வெட்டிய 40,000க்கும் மேற்பட்ட சிறு துண்டுகளும் அதில் இருந்தன. முழுத் தந்தங்களை மட்டும் கணக்கிட்டாலே 266 யானைகளுக்குக் குறையாது. சரக்கு புறப்பட்ட நாடு மலாவி. ஆனால் தந்தத்தின் டி.என்.ஏ. காட்டியதோ அண்டை நாடான ஜாம்பியாவை மையமாகக் கொண்ட பகுதியை! அந்நாடு அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவை 135 யானைகளே என்று கணக்குக் கொடுத்திருந்தது. ஒரே ஒரு பெட்டகம் அந்தக் கணக்கைப் பொய்யாக்கிவிட்டது.

1996 முதல் 2014 வரை பிடிபட்ட பெரிய சரக்குகளை ஆராய்ந்தபோது, 2015இல் மேலும் ஓர் உண்மை வெளிப்பட்டது. கொலைக்களங்கள் கண்டம் முழுவதும் பரவியிருக்கவில்லை. பிற்காலத்துப் புல்வெளி யானைத் தந்தத்தின் பெரும்பகுதி தான்சானியாவின் தென்கிழக்கிலிருந்தும் அதையொட்டிய வடக்கு மொசாம்பிக்கிலிருந்தும் வந்திருந்தது. காட்டு யானைத் தந்தத்தின் பெரும்பகுதி காபோன், காங்கோ, கேமரூன் ஆகிய நாடுகளின் எல்லைகள் கூடும் காடுகளிலிருந்து வந்திருந்தது. தான்சானியாவின் யானைக் கணக்கெடுப்பும் இதையே சொன்னது. 2009இல் சுமார் 1,09,000ஆக இருந்த யானைகள் 2014இல் சுமார் 43,000ஆகக் குறைந்துவிட்டன! காவலை எங்கே குவிக்கவேண்டும் என்பதைத் தந்தமே சுட்டிக்காட்டிவிட்டது.

எப்போது கொல்லப்பட்டது?

"தடைக்கு முந்தைய பழைய தந்தம்" என்பது அடுத்த பொய். அரசுக் கிடங்குகளில் இருந்து பழைய தந்தம் கசிந்திருக்கலாம் என்ற ஐயமும் இருந்தது. இதற்கு விடை தந்தது அணுகுண்டு!

1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் அணுகுண்டுச் சோதனைகளை நடத்தின. அதனால் காற்றில் கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பன் மிகுந்துவிட்டது. 1963இல் ஏற்பட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு சோதனைகள் குறைந்தன. காற்றிலிருந்த கார்பன்-14இன் அளவும் ஆண்டுக்கு ஆண்டு இறங்கி வந்தது. எந்த ஆண்டில் எவ்வளவு இருந்தது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. காற்றிலிருந்து கார்பனைச் செடி எடுத்துக்கொள்கிறது. செடியை யானை தின்கிறது. அந்தக் கார்பன் தந்தத்தில் சேர்கிறது. தந்தத்தின் வேர்ப்பகுதிதான் கடைசியாக வளர்ந்த பகுதி. அங்குள்ள கார்பன்-14ஐ அளந்தால் யானை இறந்த காலம் தெரியும்.

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தூர் செர்லிங்கும் அவரது குழுவினரும் 14 பெரிய சரக்குகளிலிருந்து 231 மாதிரிகளை இவ்வாறு ஆராய்ந்து, 2016இல் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை, பிடிபடுவதற்கு முந்தைய மூன்றாண்டுகளுக்குள் கொல்லப்பட்ட யானைகளின் தந்தங்களே. பழைய சரக்கு என்ற பேச்சு எடுபடவில்லை.

அனுப்பியவர் யார்?

ஒரு யானைக்கு இரண்டு தந்தங்கள். ஒரு சரக்கில் இருக்கும் தந்தத்தின் இணை வேறொரு சரக்கில் கிடைத்தால்? இரண்டு சரக்குகளும் ஒரே கும்பலின் கையிலிருந்து புறப்பட்டிருக்க வேண்டும்! வாசர் குழுவினர் 38 பெரிய சரக்குகளை ஒப்பிட்டு, இப்படி 26 இணைகளைக் கண்டுபிடித்தனர். கென்யாவின் மொம்பாசா, உகாண்டாவின் என்டெபே, டோகோவின் லோமே ஆகிய ஊர்களை மையமாகக் கொண்ட மூன்று பெரிய கும்பல்கள் வெளிச்சத்துக்கு வந்தன. இதை 2018இல் அறிவித்தனர்.

பின்னர் யானைகளின் உறவுமுறையையும் சேர்த்துக்கொண்டனர். தாயின் தந்தம் ஒரு சரக்கில், மகளின் தந்தம் இன்னொரு சரக்கில் என்று தேடினர். 49 சரக்குகளைச் சேர்ந்த 4,320 தந்தங்களை ஆராய்ந்து, 2022இல் அதன் முடிவையும் வெளியிட்டனர். ஒரே காட்டில், ஒரே குடும்பத்தை, ஆண்டுக்கணக்கில் அதே கும்பல்கள் வேட்டையாடி வந்தது தெரிந்தது. ஒரு சரக்குக்காகப் பிடிபட்டவன், பல சரக்குகளுக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

சாட்சி மட்டும் போதுமா?

இந்தச் சாட்சிக்கு ஒரு பெருங்குறை உண்டு. யானை இறந்த பிறகுதான் தந்தம் பேசும். 532 தந்தங்கள் எவ்வளவு தெளிவாகச் சாட்சி சொன்னாலும், அவற்றைச் சுமந்த யானைகளில் ஒன்றுகூட எழுந்து நடக்கப்போவதில்லை. விஞ்ஞானம் திருடனைக் காட்டும்; திருட்டுப்பொருளை வாங்குகிறவனின் ஆசையை அதனால் அளக்க முடியாது.

வாங்குவோர் இல்லையென்றால் விற்போர் இல்லை. நம் நாட்டில் இந்திய யானைத் தந்த வாணிபத்தை 1986இலும், ஆப்பிரிக்கத் தந்த வாணிபத்தை 1991இலும் சட்டம் தடை செய்தது. தந்தம் மிகுதியாக விற்ற சந்தையான சீனாவும் 2017ஆம் ஆண்டின் இறுதியோடு தன் உள்நாட்டுத் தந்த வாணிபத்தை மூடியது.

2016 ஏப்ரலில் கென்யா நாடு, தான் சேர்த்து வைத்திருந்த 105 டன் தந்தத்தை நைரோபியில் அடுக்கித் தீ மூட்டியது. "எவ்வளவு பணம்! எரிப்பானேன்?" என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்நாடு சொன்ன பதில் இதுதான்: உயிருள்ள யானையின் மேல் இருந்தாலன்றித் தந்தத்துக்கு மதிப்பே இல்லை.

நாளை யாராவது ஒரு சிறு சிலையையோ வளையலையோ காட்டி, "அசல் தந்தம்" என்று உங்களிடம் பெருமையாகச் சொல்லலாம். அப்போது மண்டையோட்டில் புதைந்திருந்த அந்த மூன்றில் ஒரு பங்கை நினைத்துக்கொள்ளுங்கள். வாங்காதீர்கள், வாங்குபவரிடம் காரணத்தை எடுத்துச் சொல்லுங்கள். விற்கும் இடத்தைக் கண்டால் பெரியவர்கள் மூலம் வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

"இருந்தாலும் ஆயிரம் பொன்" என்ற பாதி என்றும் நிலைக்கட்டும். மறுபாதியைப் பொய்யாக்குவது உங்கள் தலைமுறையின் வேலை.