பழைய பேஸ்பால் அட்டை வாங்குகிறீர்களா? முதலில் அச்சைப் பாருங்கள்

உலகில் அதிகம் பேசப்பட்ட பேஸ்பால் அட்டையின் ஓரங்களை வெட்டிச் சீராக்கியது தானேதான் என்று ஏல நிறுவன அதிபர் பில் மாஸ்ட்ரோ 2013-ல் சிகாகோ நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். பிட்ஸ்பர்க் அணியின் ஹோனஸ் வாக்னர் படம் போட்ட அட்டை அது. 1991-ல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளியும் 4,51,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார்கள். பி.எஸ்.ஏ. என்ற தரச்சான்று நிறுவனம் 10-க்கு 8 மதிப்பெண் கொடுத்துப் பிளாஸ்டிக் உறையில் அடைத்தது. 2007-ல் அது 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. மாஸ்ட்ரோ தன் ஏலங்களில் பொய்யான கேட்புகளால் விலையை ஏற்றிய குற்றமும் இருந்தது. 2015-ல் அவருக்கு 20 மாதச் சிறை விதிக்கப்பட்டது.

அவ்வளவு பெயர்பெற்ற அட்டையிலேயே வெட்டுப்பட்டதை அந்த மதிப்பெண் காட்டிக்கொடுக்கவில்லை. அதனால்தான் உறைமேல் ஒட்டிய எண்ணைப் படிக்கும் முன் அட்டையின் அச்சைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன்.

வாக்னர் அட்டை இடம்பெற்ற டி206 வரிசை 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளுக்குள் வைத்துக் கொடுக்கப்பட்டது. அச்சிட்டது நியூயார்க்கின் அமெரிக்கன் லித்தோகிராஃபிக் கம்பெனி. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி மை, தனிப் பதிப்பு. படத்தின் அடியில் வீரரின் பெயர் பழுப்பு நிறத்தில் இருக்கும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் நகைக்கடை லென்ஸை அந்த எழுத்தின்மேல் வையுங்கள். அசலில் பழுப்பு மை ஒரே கோடாக, இடைவெளியில்லாமல் படிந்திருக்கும். பழைய அட்டையை ஸ்கேன் செய்து நான்கு வண்ண முறையில் அச்சடித்த நகலிலோ அதே எழுத்து நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். பின்பக்கமும் இதே கதைதான்: பீட்மான்ட் சிகரெட் விளம்பரம் நீல மையில், ஸ்வீட் கேப்போரல் சிவப்பு மையில். அங்கே வேறு நிறப் புள்ளிகளுக்கு வேலையே இல்லை. உறைக்குள் இருக்கும் அட்டையையும் இப்படிப் பார்க்கலாம்.

அடுத்தது புற ஊதா விளக்கு. காகிதத்தை வெள்ளையாகக் காட்டும் ஒளிரும் ரசாயனம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பரவலானது. 1909-ன் அட்டை என்று விற்கப்படுவது இருட்டில் நீலமாகப் பளிச்சிட்டால் வாங்காதீர்கள். ஆனால் ஒளிராததாலேயே அது அசல் ஆகிவிடாது, பழைய காகிதத்தில் அச்சடிப்பவர்களும் உண்டு. நீரில் நனைத்தோ சுரண்டியோ மட்டும் சோதிக்க வேண்டாம். அசலாக இருந்தால் நீங்களே அதைக் கெடுத்துவிடுவீர்கள்.

ஒப்பிட நல்ல மாதிரிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 1887 முதல் 1914 வரையிலான சுமார் 2,100 அட்டைகளின் படங்களை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. ஜெஃபர்சன் பர்டிக்கின் பெரும் சேகரிப்பு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. டி206 என்ற பெயரே அவருடைய அட்டைப் பட்டியலில் பிறந்ததுதான்.

சட்டம் எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது? டி206-க்குப் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது, ஆகவே நகல் அச்சிடுவது குற்றமில்லை. நாணய நகலில் 'காப்பி' என்று பொறிக்க வேண்டும் என்கிறது 1973-ன் அமெரிக்கச் சட்டம். பேஸ்பால் அட்டைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. இது பெரிய ஓட்டை, அடைக்கப்பட வேண்டியது. நகலை அசல் என்று சொல்லி விற்கும்போதுதான் குற்றம் தொடங்குகிறது. அஞ்சலிலோ இணையத்திலோ அது நடந்தால் கூட்டரசு மோசடிச் சட்டப்படி 20 ஆண்டு வரை சிறை உண்டு.

எனவே விற்பவர் வாயால் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள். '1909–11 அசல், வெட்டவில்லை, நிறம் பூசவில்லை' என்று பில்லில் இருக்கட்டும். லூசியானா தவிர மற்ற அமெரிக்க மாநிலங்களின் வணிகச் சட்டப்படி அந்த வர்ணனை விற்பவர் தரும் உத்தரவாதம். கீழே பொடி எழுத்தில் 'இருக்கிற நிலையிலேயே விற்கப்படுகிறது' என்று போட்டு அவர் நழுவ முடியாது. வழக்குத் தொடரப் பொதுவாக நான்கு ஆண்டு அவகாசம் இருக்கிறது.

ஆனால் பணம் திரும்புவது பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான். ஈபேயில் வர்ணனைக்கு மாறான பொருள் வந்தால் 30 நாளுக்குள் முறையிட வேண்டும். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் முதல் பில் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பேபாலில் 'நண்பர்கள், குடும்பத்தார்' வகையில் பணம் அனுப்பச் சொல்பவரிடம் வாங்கவே வேண்டாம், அதற்கு வாங்குவோர் பாதுகாப்பு இல்லை. உறையின் சான்று எண்ணைத் தர நிறுவனத்தின் தளத்தில் சரிபார்க்கும்போது அங்குள்ள படத்தையும் ஒப்பிடுங்கள். உண்மையான எண்ணைத் திருடிப் போலி உறையில் ஒட்டுகிறார்கள்.

ஏமாந்தது தெரிந்தால் அட்டை, உறை, அஞ்சல் கவர், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு அஞ்சல் புலனாய்வுத் துறையிடமும் எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் பிரிவிடமும் புகார் கொடுங்கள். போலி என்று தெரிந்தபின் அதை இன்னொருவர் தலையில் கட்டினால் அதே மோசடிச் சட்டம் உங்கள் மேல் பாயும். தெரியாமல் ஏற்கெனவே விற்றிருந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுத்து அட்டையை மீட்டு, அதற்கு ரசீது எழுதி வாங்கிக்கொண்டு, உங்களுக்கு விற்றவரிடம் கோருங்கள்.