இலவச சிகிச்சைக்கும் கணக்கு உண்டு

2021 ஜூன் மாதம், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு பச்சிளங்குழந்தையின் கையில் இருந்த ஊசிக்குழாயை அகற்றக் கத்தரிக்கோல் எடுத்தார் செவிலியர். குழந்தையின் கட்டைவிரல் துண்டானது.

நடவுக்கும் அறுவடைக்கும் கூலிக்குப் போகும் டெல்டா குடும்பங்களுக்குப் பெரியாஸ்பத்திரிதான் கதி. காசு வாங்காமல் பார்க்கிறார்களே, எப்படிக் கேள்வி கேட்பது என்ற தயக்கமும் அவர்களுக்கு உண்டு. அந்தத் தயக்கம் தேவையில்லை.

எது கவனக்குறைவு?

சிகிச்சை பலிக்காததெல்லாம் தவறாகாது. செய்தே ஆகவேண்டியதைச் செய்யாமல் விடுவதும் செய்யக்கூடாததைச் செய்வதும்தான் தவறு. 1996இல் எழும்பூர் அரசு மருத்துவமனையில் ஒரு குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. அத்தகைய குழந்தைகளுக்கு விழித்திரைப் பரிசோதனை அவசியம். அது செய்யப்படவில்லை, பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. குழந்தை பார்வையை இழந்தது. 2015இல் உச்ச நீதிமன்றம், எதிர்காலச் செலவுக்கு மட்டும் 1.38 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. அதில் 1.30 கோடியைத் தமிழக அரசே தரவேண்டும் என்றது.

எங்கே முறையிடுவது?

கட்டணம் செலுத்திய நோயாளி நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 1995 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் தந்த உரிமை இது. புகாரை இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். சிலரிடம் கட்டணம் பெற்றுச் சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனை என்றால், இலவச நோயாளிக்கும் அதே உரிமை உண்டு.

எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனைகளுக்கு அந்தத் தீர்ப்பு விலக்களித்தது. ஆனாலும் உரிமையியல் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் மனித உரிமை ஆணையமும் இருக்கின்றன. அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில் 1963இல் கருத்தடை அறுவை சிகிச்சையின்போது வயிற்றுக்குள் துணியை விட்டுத் தைத்ததால் ஒரு பெண் இறந்தார். உரிமையியல் வழக்காகத் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை சென்ற அந்தக் குடும்பத்துக்கு, அரசே பொறுப்பு என்ற தீர்ப்பு 1996இல் கிடைத்தது. முப்பத்து மூன்று ஆண்டுகள்! கூலிக் குடும்பத்தால் இவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. இலவச நோயாளிக்கும் விரைவான வழி ஒன்றைச் சட்டம் திறந்தாக வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியது

கேஸ் ஷீட் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். 72 மணி நேரத்தில் தரவேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள். ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் படம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். ரேஷன் கார்டு இருக்கும் பையிலேயே அவையும் இருக்கட்டும். நடந்ததை நீதிபதியிடம் சொல்லப்போவது அந்தக் காகிதங்கள்தான்.