பயிர் நிவாரணம் யாருக்குப் போச்சு? பட்டியலைக் கேட்க விவசாயிக்கு உரிமை இருக்கா?

மழையில் வயல் மூழ்கியது. அதிகாரிகள் வந்து கணக்கெடுத்தார்கள். பக்கத்து வயல்காரருக்குப் பணம் வந்துவிட்டது, இவருக்கு வரவில்லை. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் டெல்டா கிராமங்களில் கேட்கும் புலம்பல் இது. "யார் யாருக்கு கொடுத்தீங்க?" என்று கேட்டால், "அதெல்லாம் தனிநபர் தகவல், தர முடியாது" என்று சொல்ல முடியுமா? சட்டம் என்ன சொல்கிறது?

நிவாரணம் எப்படி முடிவாகிறது?

மாநில பேரிடர் நிவாரண நிதியில் மத்திய அரசின் பங்கு 75 சதவீதம், தமிழக அரசின் பங்கு 25 சதவீதம். பயிர் 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமாகியிருந்தால்தான் நிவாரணம். 2022-26 காலத்துக்கான மத்திய விதிப்படி பாசன வசதியுள்ள நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். ஏக்கர் கணக்கில் பார்த்தால் சுமார் 6,900 ரூபாய்தான். மானாவாரிக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய். மத்திய விதிப்படி ஒருவருக்கு 2 ஹெக்டேர் வரைதான் கிடைக்கும்.

வருவாய்த்துறையும் வேளாண்துறையும் சேர்ந்து வயலைப் பார்த்து கணக்கெடுக்கும். 33 சதவீதமா, 30 சதவீதமா என்பது அங்கேதான் முடிவாகிறது. அந்த ஒரு எண் மாறினால் மொத்தப் பணமும் போச்சு. குத்தகை விவசாயிகள் பாடு இன்னும் சிரமம். பயிர் வைத்தது இவர், ஆனால் சிட்டா நில உரிமையாளர் பெயரில் இருக்கும்.

பட்டியல் வெளியே வந்தால் என்ன லாபம்?

யாருடைய வயல் மூழ்கியது, யாருடையது தப்பியது என்பது ஊருக்குத் தெரியும். பட்டியலை ஒட்டினால், விடுபட்டவரும் தெரிவார், தகுதியில்லாமல் நுழைந்தவரும் தெரிவார்.

2020-ல் பி.எம். கிசான் திட்டத்தில் தமிழகத்தில் நடந்த மோசடி நினைவிருக்கிறதா? தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டது தெரியவந்தது. சுமார் 110 கோடி ரூபாய் கைமாறியதாக அரசே சொன்னது. அது பேரிடர் நிவாரணம் இல்லை. ஆனால் நேரடியாக வங்கிக் கணக்குக்குப் போகும் பணத்திலும் முறைகேடு நடக்கும் என்பதைக் காட்டியது.

சட்டம் என்ன சொல்கிறது?

2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 4, மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை யாரும் கேட்காமலேயே அரசு வெளியிட வேண்டும் என்கிறது.

சிக்கல் பிரிவு 8(1)(ஜே)-ல் இருக்கிறது. பொதுநலன் இருந்தால் தனிநபர் தகவலையும் தரலாம் என்று முன்பு அந்தப் பிரிவிலேயே இருந்தது. 2023 தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் அந்த வரியை நீக்கிவிட்டது. இந்தத் திருத்தம் 2025 நவம்பரில் அமலுக்கு வந்தது. இதைக் காரணம் காட்டி பட்டியலை மறுப்பார்களோ என்பதுதான் இப்போதைய கவலை.

ஆனால் கதவு முழுசா மூடவில்லை. பிரிவு 4 அப்படியே இருக்கிறது. பாதிப்பைவிட பொதுநலன் பெரிது என்றால் தகவல் தரலாம் என்று சொல்லும் பிரிவு 8(2)-ம் இருக்கிறது.

தனியுரிமை முக்கியம் இல்லையா?

முக்கியம்தான். ஐரோப்பிய நீதிமன்றம் 2010-ல், வேளாண் மானியம் பெறும் தனிநபர்கள் எல்லோரின் பெயரையும் பாகுபாடின்றி வெளியிடுவது செல்லாது என்றது. பிறகு அங்கு பெயர் வெளியிடும் முறை திரும்ப வந்தது, சிறு தொகை வாங்குவோருக்கு மட்டும் விலக்கு. ஆக, மொத்தமாக மூடுவது மட்டுமே வழி இல்லை. ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், செல்போன் எண்ணை மறைத்துவிட்டு மற்றதை வெளியிடலாம்.

எப்படிக் கேட்பது?

✦ வட்டாட்சியர் அலுவலக பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய்.

✦ எந்த மழை, எந்த வருவாய் கிராமம் என்று தெளிவாக எழுதுங்கள்.

✦ பெயர், சர்வே எண், பாதித்த பரப்பு, சேத சதவீதம், வழங்கிய தொகை: இவற்றை மட்டும் கேளுங்கள். பிரிவு 4, 8(2) இரண்டையும் குறிப்பிடுங்கள்.

✦ 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ மறுத்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் நடக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

உங்கள் பெயர் விடுபட்டிருந்தால், அதே பட்டியல்தான் கலெக்டரிடம் காட்ட உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.