வண்டியை யார் ஓட்டுறது?

மார்ச் பிறந்தால் போதும், அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கும் நம் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுக்கள் சூடுபிடித்துவிடும். ஸ்பிரிங் பிரேக்! ஒரு வாரம் வகுப்பு கிடையாது. வாடகைக்கு ஒரு எஸ்யூவி, அதில் ஐந்து பேர், ஒரு ரைஸ் குக்கர், இரண்டு டப்பா புளிக்காய்ச்சல். டெக்சாஸ்காரர்கள் கிராண்ட் கேன்யன் என்பார்கள். சிகாகோ பக்கத்துப் பிள்ளைகள் ஃப்ளோரிடா என்பார்கள். செய்தி ஊருக்கு வந்ததும் அம்மாக்களுக்குக் கவலை தொற்றிக்கொள்ளும். பெரும்பாலும் அது குடியைப் பற்றிய கவலை.

காரணம் இல்லாமல் இல்லை. 1930-களில் நீச்சல் பயிற்சிக்காக ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலுக்கு வந்த கல்லூரி அணிகளில் தொடங்கியது இந்த ஸ்பிரிங் பிரேக் வழக்கம். 1960-ல் வெளியான 'வேர் தி பாய்ஸ் ஆர்' படத்துக்குப் பிறகு கூட்டம் பெருகியது. 1985-ல் மூன்று லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் வந்து குவிய, நகரமே தாங்க முடியாமல் கெடுபிடியில் இறங்கியது. 2024-ல் மயாமி பீச் நகரம், 'ஸ்பிரிங் பிரேக்கோடு உறவை முறித்துக்கொள்கிறோம்' என்று விளம்பரமே வெளியிட்டது. ஆனால் நம் பிள்ளைகளில் பலர் அந்தக் கூட்டத்தைத் தேடிப் போவதில்லை. மலை, பள்ளத்தாக்கு, தேசியப் பூங்கா என்றுதான் கிளம்புகிறார்கள். எனக்குப் பயம் தருவது பீர் பாட்டில் அல்ல, ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவனின் தூக்கம்.

டல்லாஸிலிருந்து கிராண்ட் கேன்யனின் தென்விளிம்புக்கு ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர். நிற்காமல் ஓட்டினாலே பதினாறு மணி நேரம் ஆகும். அமெரிக்கச் சாலை அகலமாக, நேராக இருக்கிறது. க்ரூஸ் கண்ட்ரோலைப் போட்டுவிட்டால் காலுக்குக்கூட வேலையில்லை. அதனால் 'நைட்டோட நைட்டா அடிச்சிடலாம் மச்சி' என்ற பேச்சு எந்தக் குழுவிலும் எழும். அதன் பின்னால் இருப்பது வீரம் இல்லை, காசு. ராத்திரி ஓட்டினால் மோட்டல் வாடகை மிச்சம், ஒரு பகலும் மிச்சம்.

கார் வாடகையும் இதே பக்கம்தான் தள்ளுகிறது. 25 வயது ஆகாதவர் வண்டி எடுத்தால் பெரும்பாலும் நாள் கணக்கில் கூடுதல் கட்டணம் உண்டு. இன்னொருவர் பெயரை ஓட்டுநராகச் சேர்க்க வேண்டுமென்றால் பல இடங்களில் அதற்கும் தனிக் கட்டணம். எனவே ஐந்து பேரில் ஒருவன் பெயர்தான் ஒப்பந்தத்தில் ஏறுகிறது. அதன் பிறகு இரண்டே வழி. அவனே முழுத் தூரமும் ஓட்ட வேண்டும். அல்லது பெயர் சேர்க்காத நண்பன் ஓட்ட வேண்டும். நண்பன் ஓட்டும்போது விபத்து நடந்தால் காப்பீடு கைவிரித்துவிடக்கூடும். படிப்புக் கடன் வாங்கிப் போயிருக்கும் பிள்ளைக்கு அது எப்படிப்பட்ட அடி என்று சொல்ல வேண்டியதில்லை.

போகும்போது உற்சாகம் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, ஐந்து பேரும் விழித்திருக்கிறார்கள். வழியில் டெக்சாஸின் அமரில்லோவுக்கு வெளியே மண்ணில் மூக்குப் புதைத்து நிற்கும் பத்து கேடிலாக் கார்களிடம் படம் எடுத்துக்கொள்வார்கள். 1974-ல் நட்டுவைத்தவை அவை. போகிறவர்கள் எல்லாம் ஸ்பிரே பெயின்ட் அடித்துவிட்டுப் போகலாம். இந்தப் பயணத்தில் அழகுக்குக் குறைவே இல்லை. வயது இருபத்துமூன்றில் நண்பர்களோடு அந்தப் பள்ளத்தாக்கின் விளிம்பில் நிற்பது ஆயுளுக்கும் மறக்காது. போகாதே என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்ல மாட்டேன்.

திரும்பி வருவதுதான் கொடுமை.

ஞாயிறு காலை சூரிய உதயம் பார்க்க ஐந்து மணிக்கு எழுகிறார்கள். அரிசோனாவின் பெரும்பகுதியில் கோடைக்காலக் கடிகார மாற்றம் கிடையாது. மற்ற பெரும்பாலான இடங்களில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுகிறார்கள். அதன்பின் டல்லாஸ் அரிசோனாவைவிட இரண்டு மணி நேரம் முன்னால் போய்விடும். ஆக, அங்கே ஐந்து என்றால் டல்லாஸில் ஏழு. 'இன்னும் ஒரு பாயின்ட் பார்த்துட்டுப் போலாம்' என்று சுற்றிவிட்டு நண்பகலில் கிளம்பினால் டல்லாஸ் கடிகாரம் இரண்டைக் காட்டும். அல்புகெர்க்கியைத் தாண்டும்போது இருட்டிவிடும். அமரில்லோவைத் தொடும்போது பின்னிரவு. அதற்கு அப்புறம்தான் 287-ஆம் நெடுஞ்சாலை வருகிறது.

இந்தச் சாலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதுவரை வந்த ஐ-40 நெடுஞ்சாலை போல முழுக்கத் தடுப்போடு, ஏற இறங்க எக்ஸிட் மட்டும் உள்ள சாலை அல்ல இது. பெரும்பாலும் நான்கு வழிச் சாலைதான்; ஆனால் பண்ணைப் பாதைகள் நேரடியாக வந்து சேரும். சில்ட்ரெஸ், குவானா என்று சிற்றூர்கள் வரும்போது வேகத்தைச் சட்டென்று குறைக்க வேண்டும். ஊர் தாண்டினால் மறுபடி மணிக்கு 75 மைல், அதாவது 120 கிலோமீட்டர். இருபுறமும் ஒன்றும் இல்லாத சமவெளி. கண்ணுக்கு வேலை கொடுக்க ஒரு மரம்கூட இருக்காது. அந்த வேகத்தில் நான்கு விநாடி கண் அயர்ந்தால் வண்டி 130 மீட்டர் தாண்டிப் போயிருக்கும்.

பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவருடையதைப் போலாகிவிடும் என்கிறார்கள் தூக்க ஆய்வாளர்கள். இருபத்துநான்கு மணி நேரம் என்றால் 0.10. டெக்சாஸில் குடித்துவிட்டு ஓட்டுவதற்கான சட்ட வரம்பே 0.08 தான். டல்லாஸ் நேரம் ஏழு மணிக்கு எழுந்த பிள்ளை நள்ளிரவில் முதல் எல்லையைத் தொட்டுவிட்டான். திங்கள் காலை ஏழு மணிக்கு, வீடு அரை மணித் தூரத்தில் இருக்கும்போது, ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத அவன் குடிகாரனைவிட மோசமான நிலையில் ஓட்டிக்கொண்டிருக்கிறான். இதற்கு மேல் ராத்திரி இரண்டிலிருந்து ஆறு மணி வரை உடம்பே தூக்கத்தைக் கேட்கும் நேரம். பத்து மணிக்கு வகுப்பு வேறு இருக்கும்.

2017-ல் மட்டும் தூக்கக் கலக்கத்தால் அமெரிக்காவில் 91,000 விபத்துகள், சுமார் 800 சாவுகள் என்று போலீஸ் பதிவுகளை வைத்து அரசு மதிப்பிட்டது. உண்மை எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு இருக்கும் என்பது இத்துறையினர் சொல்வது. மூச்சில் ஊதவைத்துத் தூக்கத்தை அளக்கும் கருவி கிடையாதே!

அதே சாலையில் ஓடும் லாரிக்காரருக்குச் சட்டம் இருக்கிறது. பத்து மணி நேர ஓய்வுக்குப் பின் பதினொரு மணி நேரம்தான் ஓட்டலாம்; எட்டு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு அரை மணி நேரமாவது நிறுத்த வேண்டும். எல்லாவற்றையும் வண்டியிலுள்ள மின்னணுக் கருவி பதிவு செய்கிறது. ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட்டிப் பழகியவருக்கே இந்தக் கட்டுப்பாடு. லைசன்ஸ் வாங்கி நான்கு மாதமே ஆன, இடது பக்கம் ஓட்டும் ஊரிலிருந்து போன பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை. நியூ ஜெர்சியில் மட்டும் 2003-ல் 'மேகியின் சட்டம்' வந்தது: இருபத்துநான்கு மணி நேரத்துக்கு மேல் தூங்காமல் ஓட்டி உயிரிழப்பை ஏற்படுத்தினால், அதைப் பொறுப்பின்மைக்கான சான்றாக எடுத்துக்கொள்ளலாம். பின்னர் ஆர்கன்சாவும் இதுபோல ஒரு சட்டம் கொண்டுவந்தது. மற்ற மாநிலங்கள் இன்னும் அந்தத் தூரம் வரவில்லை.

கண்ணாடியை இறக்கிவிடுவது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பது எல்லாம் சில நிமிடங்களுக்குத்தான். உருப்படியாக வேலை செய்வது ஒன்று உண்டு. வெளிச்சமான ட்ரக் ஸ்டாப்பில் நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் கண்ணை மூட வேண்டும். காபி வேலையைத் தொடங்க அரை மணி நேரம் ஆகும். எழும்போது இரண்டும் சேர்ந்து உதவும். அதுவும் ஓரிரு மணி நேரத்துக்குத்தான்.

நம் ஊரில் கோயிலுக்கு வேன் பிடித்துப் போகும்போது டிரைவர் பக்கத்தில் தாத்தாவோ சித்தப்பாவோ உட்கார்ந்து விடிய விடியப் பேசிக்கொண்டே வருவார். அது அவர் ஏற்றுக்கொண்ட வேலை, தூங்க மாட்டார். எஸ்யூவியில் நடப்பது நேர்மாறு. ஓட்டுகிறவனைத் தவிர நால்வரும் ஹூடியை இழுத்து மூடித் தூங்குகிறார்கள். பின்சீட்டில் காலை நீட்ட வசதியாக சீட் பெல்ட்டையும் கழற்றிவிடுகிறார்கள். கவிழும் வண்டியிலிருந்து தூக்கி வீசப்படுகிறவர் பெரும்பாலும் பெல்ட் போடாதவர்தான்.

காலங்காலமாகப் பிள்ளைகள் இப்படித்தான் போய்ப் பத்திரமாக வருகிறார்கள், சும்மா பயமுறுத்தாதீர்கள் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பத்திரமாக வந்தவர்கள்தான் அதைச் சொல்ல முடிகிறது.

பெற்றோர் இங்கிருந்து செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. டெக்சாஸில் பின்னிரவு இரண்டு மணி என்றால் மதுரையில் பகல் பன்னிரண்டரை. நமக்கு விழிப்பான நேரம். 'சாப்பிட்டியா' என்று கேட்பதோடு, கிளம்பும் முன்பே கேட்க வேண்டியவை இருக்கின்றன: ஒப்பந்தத்தில் எத்தனை பேர் பெயர் இருக்கிறது, ராத்திரி எந்த ஊரில் தங்குகிறீர்கள், ரூம் போட்டாச்சா, முன்சீட்டில் யார் முழிச்சிருப்பா. இரண்டாவது ஓட்டுநருக்கான கட்டணத்தை வீட்டிலிருந்தே அனுப்பிவிடலாம். ஐந்து பேர் பகிர்ந்தால் மோட்டல் செலவும் பெரிதல்ல.

திரும்பும் பயணத்தை ஒரு நாள் முன்னால் தள்ளினாலே பாதி ஆபத்து போய்விடும். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தென்விளிம்பை விட்டால் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு நியூ மெக்சிகோவின் டுகும்கேரிக்கு வந்துவிடலாம். பழைய 66-ஆம் நெடுஞ்சாலைக் காலத்து மோட்டல்கள் நியான் விளக்குகளோடு இன்னும் இருக்கும் ஊர் அது. எட்டு மணி நேரம் தூங்கிவிட்டு ஞாயிறு காலை கிளம்பினால், 287-ஆம் நெடுஞ்சாலையை முழுக்கப் பகல் வெளிச்சத்தில் கடந்து மாலைக்குள் டல்லாஸ் சேரலாம். வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுநாள் அசைன்மென்ட்டை முடிக்கவும் நேரம் இருக்கும்.