தக்காளி தாங்குது, பீன்ஸ் ஏன் வாடுது? - தருமபுரி போர்வெல் தண்ணியை டெஸ்ட் பண்ணலாமா!

தருமபுரின்னு சொன்னதும் தண்ணீர் விஷயத்தில் முதலில் நினைவுக்கு வருவது ஃபுளோரைடுதான். பல்லில் கறை, எலும்பில் பாதிப்பு என்று மாவட்டமே பட்ட அவஸ்தைக்குத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-ல் அது பயன்பாட்டுக்கு வந்த பிறகு குடிக்கக் காவிரி கிடைத்தது. ஆனால், காய்கறிக்கு? இன்னமும் பெரும்பாலும் கிணறும் போர்வெல்லும்தான்.

‘அந்த ஃபுளோரைடு தக்காளிக்குள்ள போயிடாதா?’ என்பது நியாயமான பயம். காரத்தன்மையும் சுண்ணாம்பும் உள்ள மண், ஃபுளோரைடைப் பெருமளவு பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் செடிக்கு முதல் வில்லன் பெரும்பாலும் அது இல்லை, உப்பு.

தண்ணீரில் உப்பு ஏறினால், பாத்தி ஈரமாக இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது. இலை ஓரம் கருகும். உப்பை மின்கடத்துத்திறன், அதாவது ‘ஈ.சி’ வைத்து அளப்பார்கள். பாசனநீரில் பீன்ஸ் சுமார் 0.7 வரைதான் தாங்கும், தக்காளி 1.7 வரை சமாளிக்கும் (அலகு: டெசிசீமன்ஸ்/மீட்டர்). அதைத் தாண்டினால் மகசூல் குறைய ஆரம்பிக்கும். பாலக்கோடு பக்கம் தக்காளி செழிக்கிற கிணற்றை நம்பி பீன்ஸ் போட்டால் கையைச் சுடலாம்.

‘ஆன்லைன்ல வாங்கின டி.டி.எஸ் மீட்டர் போதுமே ப்ரோ?’ பாதி போதும். ஈ.சி 1 என்றால் தோராயமாக 640 பி.பி.எம். உப்பு எவ்வளவு என்று அது சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. அங்கேதான் சிக்கலே. கார்பனேட், பைகார்பனேட் அதிகமானால் கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். மிஞ்சும் சோடியம் மண்ணை இறுக்கும், தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். சொட்டுநீர்க் குழாயும் அடைக்கும். லேப் ரிப்போர்ட்டில் இதற்குப் பெயர் ஆர்.எஸ்.சி. 1.25-க்குள் இருந்தால் நிம்மதி, 2.5-ஐத் தாண்டினால் அப்படியே பாய்ச்சக் கூடாது. ஜிப்சம் கைகொடுக்கும், அளவை ரிப்போர்ட் பார்த்துத்தான் முடிவு செய்யணும். வெறும் உப்பு அதிகம் என்றால் ஜிப்சம் கொட்டியும் பயனில்லை. மழைநீர், ஏரித்தண்ணீர் கலக்கலாம். இல்லையென்றால் பயிரை மாற்றலாம்.

மாதிரி எடுப்பது ஈஸி. மோட்டாரைப் பத்து, பதினைந்து நிமிஷம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை மூணு தடவை அலசி, காற்றில்லாமல் ஒரு லிட்டர் பிடிங்க. பழைய பூச்சிமருந்து பாட்டில் வேண்டவே வேண்டாம்! பெயர், சர்வே எண், போடப்போகும் பயிர் எழுதி, மறுநாளுக்குள் கொடுத்துடுங்க. வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலோ, பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ விசாரிக்கலாம். கோடையில் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று எடுப்பது நல்லது. ஒரே கிணறு ரெண்டு பதில் சொல்லும்.

இதில் கிருமி தெரியாது. சாக்கடை கலக்கும் ஓடைத் தண்ணீரில் கொத்தமல்லி, வெள்ளரி மாதிரி பச்சையாகச் சாப்பிடுவதை வளர்த்தால் இ.கோலி டெஸ்ட் தனியாக வேணும். அதற்கு லேபிலேயே கிருமி நீக்கிய பாட்டில் கேட்டு வாங்கி, ஐஸில் வைத்து அன்றைக்கே கொண்டுபோகணும்.