எண்ணூர் எண்ணெய்க் கசிவு: அள்ள முடியாததற்குக் கணக்கு கேளுங்கள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வெளியேறிய எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து வந்த எண்ணெய் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டறிந்தது. காட்டுக்குப்பத்துப் படகுகளும் வலைகளும் கறுத்துப்போயின. மீனவர்களே வாளியும் மக்கும் கொண்டு அள்ளினார்கள். 2017 ஜனவரி 28-இல் காமராஜர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோதும் எர்ணாவூர்க் கரையில் இதே வாளிதான். இத்தனை ஆலைகள் சூழ்ந்த ஊரில் இது வெட்கக்கேடு.

மிதவைத் தடுப்பு போட்டு, உறிஞ்சும் இயந்திரம் வைத்தாலும் மேலே மிதக்கும் எண்ணெய்தான் கிடைக்கும். சேற்றிலும் அலையாத்தி மரங்களின் மூச்சுவேரிலும் ஒட்டியது அப்படியே நிற்கும். சுரண்டினால் வேர் சாகும். எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாக்களை டெரி நிறுவனமும் இந்தியன் ஆயில் ஆய்வுப் பிரிவும் உருவாக்கியுள்ளன. அள்ளிக் குவித்த கசடை மட்கவைக்க அவை உதவும். ஆனால் அவற்றுக்குக் காற்றும் சத்தும் வேண்டும். காற்றுப் புகாத கழிமுகச் சேற்றில் அந்த வேலை மிக மெதுவாகத்தான் நடக்கும். கன உலோகங்களையோ எந்தப் பாக்டீரியாவும் தின்று தீர்க்காது. எண்ணெயைக் கரைக்கும் ரசாயனத்தை ஆழமில்லாத ஆற்றில் தெளிக்க வந்தால் தடுத்துக் கேளுங்கள்: எண்ணெய் கண்ணிலிருந்து மறையும், இறால் குஞ்சுக்குள் போய்ச் சேரும்.

நெடி அடிக்கும் இடத்தில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கக் கூடாது. கையில் ஒட்டிய எண்ணெயை மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது தோலைப் புண்ணாக்கும். சமையல் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்பு போடுங்கள். எண்ணெய் வாடை வரும் போர்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் சுத்தமாகாது, ஆவியைத்தான் சுவாசிப்பீர்கள். லாரித் தண்ணீர் கேளுங்கள்.

மாசுபடுத்தியவரே சேதத்துக்கும் சீரமைப்புக்கும் பணம் தர வேண்டும் என்பதை நம் மாநிலத்துத் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. 2010-ஆம் ஆண்டு பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, சேதம் தொடங்கிய நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் இழப்பீடு கேட்டு மனு செய்யலாம். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. அரசு ஏற்கெனவே தந்த நிவாரணத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

இழப்பீடு கேட்கச் சாட்சி வேண்டும். எண்ணெய் தோய்ந்த வலையை மீன்வளத் துறை கணக்கெடுக்கும் முன் எறிந்துவிடாதீர்கள். தேதி தெரியப் படமெடுத்து, படகுப் பதிவு எண்ணோடு எழுதிக் கொடுத்து, ரசீது வாங்குங்கள். தண்ணீர் பரிசோதனை முடிவைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். உயிருக்கு ஆபத்து சம்பந்தப்பட்டதென்று மனுவில் குறிப்பிடுங்கள். அது பொருந்தினால் 30 நாள் அல்ல, 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும்.

படகில்லாமல் ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்குப் பதிவு எண் கிடையாது. பட்டியல் எடுக்கும்போது அவர்கள் பெயர் விடுபடாமல் ஊர்க்கூட்டம் பார்த்துக்கொள்ள வேண்டும். பெண்களுக்கும், தொழிற்சாலை விபத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார்; 15100 என்ற எண்ணில் கேளுங்கள்.